அம்மா வந்திருக்கிறாள் என்பதற்கு இங்கிலீஷ்

பேராச்சிக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. மேஜைக்கு அடியில் அவள் கால் ஆடுகிற ஆட்டத்தில் என் டீ கப் ததும்பும். “காலை நிறுத்துடி, எனக்குத் தலை சுத்துது” என்பேன். “நிறுத்துனா வாயும் நின்னுரும்க்கா” என்பாள். அப்படி ஒரு பிறவி.

விக்ரோளியில் எங்கள் ஆபீஸ். இங்கிலாந்தில் கட்டில், மெத்தை விற்கிற ஒரு கடைக்காக, அங்கே வாங்கியவர்களின் புகார்களுக்கு இங்கே உட்கார்ந்து போனிலும் மெயிலிலும் பதில் சொல்லுகிற வேலை. நான் பானுமதி. செம்பூரில் பிறந்து வளர்ந்து, ஹெட்போன் மாட்டியே காதோரம் நரைத்தவள். பேராச்சி தாராவி. தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கல்லிச் சந்தில் வீடு. புருஷன் மாரிக்கண்ணன் லெதர் பை தைக்கிற பட்டறையில் மாஸ்டர். ஒரே மகள் நிகிதா, இன்னும் பாலர் வகுப்பு. பேராச்சியின் அம்மா, இவள் சிறுமியாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கதையை என்னிடம் சொல்லி, கேன்டீனில் எல்லாரும் பார்க்க அழுதும் தீர்த்துவிட்டாள்.

முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்து, தபாலில் பி.காம். முடித்து, மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் ரிசெப்ஷனில் இருந்தவள் அவள். இங்கிலீஷை அங்கேதான் பிடித்தாளாம். எப்படி என்று கேட்டேன். “வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருக்கவங்ககிட்டப் பேசிப் பழகுனேன்க்கா. நான் தப்பாப் பேசுனாலும் அவங்களால திருத்த முடியாதுல்லா” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

இலக்கணத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. அவளைக் கவிழ்த்தது வேறு. ஒருநாள் லீட்ஸ் ஊர்க் கிழவர் ஒருவர் போன் செய்தார். கட்டில் வர ஆறு வாரம் ஆகும் என்று எங்கள் வெங்கி சொன்னானாம். “உங்கள் ஆள் என் காலை இழுக்கிறான் போலிருக்கிறது” என்று கிழவர் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். விளையாட்டாகக் கேலி செய்கிறான் என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சு அது. நம் பேராச்சிக்கு அது காலை வாருவதாகக் காதில் விழுந்தது. கூட இருந்தே கவிழ்க்கிறவனைத்தானே நாம் காலை வாருகிறான் என்போம்? அவ்வளவுதான். வெங்கி வாடிக்கையாளருக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று மேலிடத்துக்கு மெயில் தட்டிவிட்டாள். வெங்கியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “நான் யார் காலை வாரினேன், எதுக்கு வாரினேன்?” என்று அவன் எங்கள் மேஜைக்கு வந்து குதித்த குதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பேராச்சி சிரிக்கவில்லை.

எங்கள் ஆபீஸில் வேலை நிரந்தரமாவதற்கு ஒரு பரீட்சை உண்டு. இங்கிலீஷ்காரன் சுற்றி வளைத்துச் சொல்லும் பேச்சு, அவர்கள் பண்டிகை, பழக்க வழக்கம் இதையெல்லாம் வைத்து. தேறினால் நாற்காலி உன்னுடையது. தவறினால் இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம், அதிலும் போனால் வீட்டுக்கு. வெங்கி விவகாரத்தோடு முதல் பரீட்சையில் பேராச்சி தோற்றாள். மிச்சம் இருந்தது அந்த ஒன்று.

அதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ரயிலில் நின்றுகொண்டு முணுமுணுப்பாள். கேன்டீனில் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, “பானுக்கா, மழை பெய்றதுக்கும் நாய் பூனைக்கும் என்னக்கா சம்பந்தம்?” என்பாள். எனக்கென்ன தெரியும்? “தெரிஞ்சா நான் ஏன்டி இங்க இருக்கேன், லண்டன்ல மழையில நனைஞ்சிட்டு இருப்பேனே” என்பேன். “இந்த வேலை போச்சுன்னா திரும்பப் பல் டாக்டர் வாசல்தான்க்கா. அங்க எனக்குப் பேரே கெடையாது. ஏ தாராவி, ஃபைல் கொண்டா, அவ்ளோதான். இங்கதான் கழுத்துல தொங்குத அட்டையில எம் பேரு இருக்கு” என்று ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அந்த அட்டையை விரலால் திருகிக்கொண்டே இருந்தாள்.

தோற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தது ஷெரில் மேடம். பாந்த்ரா கிறிஸ்தவப் பெண், மஸ்கட்டில் வளர்ந்தவள். ஆறு மாதக் கர்ப்பம். தங்கமான மனுஷி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் அவளைத் திட்டக் கூடாது. அந்த வகுப்பில் அவள் சொன்னது இது. இங்கிலீஷ்காரர்கள் மனதுக்கு வலிக்கிற விஷயத்தை நேரடியாகச் சொல்லமாட்டார்கள். செத்துப்போனார் என்பதில்லை, கடந்துபோனார் என்பார்கள். உடம்பு சரியில்லை என்பதற்கு, வானிலைக்குக் கீழே இருக்கிறேன் என்பார்கள். மறைத்துச் சொல்வது மரியாதை. நீங்களும் மெயிலில் அப்படியே எழுதப் பழகுங்கள்.

பேராச்சிக்குக் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள். “எக்கா, அவங்களும் நம்மள மாதிரிதான்! நாம இருட்டுனப்பொறவு பாம்பப் பாம்புன்னா சொல்லுதோம்? பூச்சிம்போம். இதுக்குப் போயி நான் பயந்து கெடந்தேனே!” என்று அந்த நடைபாதையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். நானும் பரவாயில்லையே, பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

பரீட்சை சனிக்கிழமை. அந்த வாரத் தொடக்கத்தில் அவள் வரவில்லை. போன் செய்தால், “வீட்டுல வேலைக்கா, லீவு போட்டுருக்கேன். சனிக்கிழம மேடமே வீட்டுக்கு வந்து பரீட்சை வைக்காவளாம். வழி தெரியாது, நீ கூட்டிட்டு வந்துரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பரீட்சையை வைத்துக்கொண்டு லீவு போடுகிறவளை என்ன சொல்ல?

வீட்டில் நடந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிகிதாவுக்கு மேலெல்லாம் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா வந்திருக்கிறாள். டாக்டரிடம் காட்டி மருந்தும் வாங்கினார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிதத்தை நிறுத்தி, கறி மீனை நிறுத்தி, வெளியே போக்குவரத்தை நிறுத்தியாயிற்று. மூன்றாம் தண்ணீர் ஊற்றி அம்மாவை இறக்கும்வரை அப்படித்தான். மாரிக்கண்ணன் சாதாரணமாகப் பேச்சுக்குப் பேச்சு நையாண்டி செய்கிறவன், இந்த ஒன்றில் மட்டும் கறார். அவன் பேரே அவள் பேர் அல்லவா? “ஏட்டி, வெளையாட வந்திருக்கா. சந்தோசமா வெளையாடிட்டுப் போவட்டும். நோவோட பேரச் சொன்னே, கோவிச்சுக்கிடுவா. எந்தப் பாசையிலயும் சொல்லாத” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். பேராச்சிக்கு இதுவரை அம்மா வந்ததே இல்லை. அதனால் அவளுக்கு இரட்டிப்புப் பயம். வீட்டில் வேலை என்று என்னிடம் மழுப்பியதும் அந்தப் பயத்தில்தான்.

அடுத்த வீட்டு பீகார்க்காரி, “மாதா ஆயி ஹை க்யா?” என்று வேப்பிலையைப் பார்த்ததுமே கேட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தமிழனுக்குத் தெரிகிறது, இந்திக்காரிக்குத் தெரிகிறது. பிறகு இங்கிலீஷுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? வலிப்பதை மறைத்துச் சொல் என்று மேடமே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பேராச்சி உட்கார்ந்து அழகாக மெயில் எழுதினாள். ‘மதர் ஹேஸ் கம் டு அவர் ஹவுஸ். ஷீ இஸ் வித் மை டாட்டர்.’ ஆகவே சில நாள் வர இயலாது.

ஷெரில் மேடம் உடனே பதில் போட்டாள். ‘எவ்வளவு சந்தோஷம்! அம்மாவுக்கு என் அன்பைச் சொல். ஆனால் பரீட்சையைத் தள்ள முடியாது, லண்டன்காரர்கள் சனிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். அன்றைக்கு நான் சயானில் டாக்டரிடம் வருகிறேன். அப்படியே உன் வீட்டுக்கு வந்து வைத்துவிடுகிறேன். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.’

இதைக் கேட்ட மாரிக்கண்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. “பாத்தியா, கிறிஸ்தவ மேடத்துக்கு இருக்குத பக்திய! மாகிம் மாதாவும் மாரியாத்தாவும் அக்கா தங்கச்சிதானே” என்றான். பேராச்சிக்குத்தான் வேறு கவலை. பிள்ளைத்தாய்ச்சி இப்படிப்பட்ட வீட்டுக்கு வரலாமா? புருஷனைக் கேட்டாள். “அம்மா கூப்புடுதா, அவ வாரா. தடுக்க நீ யாரு?” என்றான் அவன். மனம் கேட்காமல் மறுபடி ஒரு மெயில் எழுதினாள். மேடம், நீங்கள் மாசமாக இருக்கிறீர்கள், அம்மா ரொம்ப உக்கிரமானவள், யோசித்து வாருங்கள். அதற்கு மேடம் சிரிப்புப் பொம்மை போட்டு, ‘கவலைப்படாதே, கோபக்கார அம்மாக்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும்’ என்று எழுதிவிட்டாள்.

தூக்கம் போயிற்று பேராச்சிக்கு. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். எல்லாம் தெரிந்துதான் வருகிறாளா, தெரியாமல் வருகிறாளா? படித்தவள், இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், அவளிடம் போய் உங்களுக்குப் புரிந்ததா என்று எப்படிக் கேட்பது? கேட்டால் பரீட்சைக்கு முன்னாலேயே மார்க் போய்விடுமோ? இப்படியே புரண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை சயானில் மேடத்தோடு நான் டாக்சி ஏறினேன். சயான் ரயில் பாலத்தை இடித்துப் போட்டதிலிருந்து அந்தப் பக்கம் வண்டி நகர்வதே பெரும்பாடு. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. மேடம் மடியில் ஒரு கேக் பெட்டி, பக்கத்தில் ஒரு புடவைப் பொட்டலம். “பேராச்சியின் அம்மாவுக்கு. பச்சை நிறம் பிடிக்குமா அவருக்கு?” என்று கேட்டாள்.

நான் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். “யாருக்கு?”

“அவள் அம்மா வந்திருக்கிறாரே, பேத்தியோடு இருக்க. உனக்குச் சொல்லவில்லையா?” என்று மெயிலைக் காட்டினாள்.

போச்சுடா! செத்துப்போன அம்மா எங்கிருந்து வந்தாள்? இந்தப் பைத்தியக்காரி பரீட்சைக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் இப்படி ஒரு பொய். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடம் புடவையும் கையுமாக வாசலில் நிற்பாள். இல்லாத அம்மாவை எங்கிருந்து கொண்டு வந்து நிறுத்துவாள் இவள்? தமிழில் யாராவது அம்மா வந்திருக்கா என்று சொல்லியிருந்தால் எனக்குச் சட்டென்று உறைத்திருக்கும். இங்கிலீஷில் மதர் என்றால் மதர்தான். வேறு எதுவும் தோன்றவில்லை. அவளுக்குப் போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை. மேடம் என்னவோ பிள்ளைக்குப் பெயர் தேடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். எனக்குக் காதில் ஏறவில்லை. சிக்னலில் டாக்சிக்காரன் இறங்கிப் பீடி வாங்கினான். அவனை அங்கேயே நாலு அறை விடலாம் போல எனக்கு எரிச்சல்.

தொண்ணூறடி ரோட்டில் இறங்கி கல்லிக்குள் நடந்தோம். இரண்டு பேர் சேர்ந்து போக முடியாத சந்து. மேடம் முன்னால், லேப்டாப் பையோடு நான் பின்னால். நடுவில் ஒருவன் லெதர்க் கட்டுகள் ஏற்றிய தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நுழைத்துவிட்டான். “ஹடோ, ஹடோ” என்று அவன் கத்த, நான் சுவரோடு ஒட்டி நின்றேன். வண்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தபோதுதான் பேராச்சி வீட்டு நிலைப்படி தெரிந்தது. கொத்துக் கொத்தாக வேப்பிலை. கீழே மஞ்சள் தண்ணீர்க் குடம்.

அட கடவுளே! அந்த அம்மாவா!

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நோய்க்கு இங்கிலீஷில் என்ன பேர் என்றே அந்த நொடியில் மறந்து போனது. “மேடம், மேடம்” என்று மட்டும் கத்தினேன். தள்ளுவண்டிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? வாசலில் மாரிக்கண்ணன் குளித்து விபூதி பூசி, வரும் விருந்தாளி கால் கழுவுவதற்குச் செம்பில் தண்ணீரோடு நின்றான். மேடம் கையை ஆட்டிக்கொண்டு போனாள்.

உள்ளேயிருந்து பேராச்சி ஓடிவந்தாள். தலை கலைந்து, கண் சிவந்து, ஆளே பாதியாக இருந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

“மேடம், ஸ்டாப்! மதர் இஸ் இன்சைட்!”

“ஐ நோ, டார்லிங்! அவரைப் பார்க்கத்தானே வந்தேன்.”

“நோ மேடம்! மதர் இஸ் வெரி ஹாட்!”

“பாவம், இந்த வெயிலில் யாருக்குத்தான் முடியும்? ஃபேன் இருக்கிறதா உள்ளே?” என்று மேடம் இன்னும் நாலு எட்டு வைத்தாள்.

“மதர் இஸ் பிளேயிங் ஆன் மை டாட்டர்’ஸ் பாடி, மேடம்!”

இதைக் கேட்டு மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் மங்கிற்று. நடை நிற்கவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நிகிதா படுக்கையை விட்டு எழுந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் கொப்புளம். மேடம் தூரத்துப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவள். அன்றைக்குப் போட்டிருக்கவில்லை. “ஹலோ, ஸ்வீட்டி!” என்று கையை விரித்துக் குனிந்தாள்.

பேராச்சி ஒரு தடவை புருஷனைப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துத் தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. பிறகு மேடத்தின் வயிற்றைப் பார்த்தாள். மகளைப் பின்னால் தள்ளிக் கதவைக் காலால் அடைத்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“சிக்கன் பாக்ஸ்! மேடம், சிக்கன் பாக்ஸ்! கோ! கோ!”

பட்டறைகளில் தையல் மிஷின் எல்லாம் நின்றது போல இருந்தது எனக்கு. மேடம் நின்ற இடத்தில் நின்றாள். கேக் பெட்டி கீழே விழுந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து, வண்டிக்காரன் விட்ட இடைவெளியில் என் தோளைப் பிடித்தாள். நான் அவளைத் தாங்கலாக ரோட்டுக்கு அழைத்து வந்தேன். திரும்பிப் பார்த்தபோது மாரிக்கண்ணன் செம்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

டாக்சியில் மேடத்துக்கு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் அந்த இரண்டு மெயில்களையும் எடுத்து மறுபடி படித்தாள். “அவள் என்னிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், பானு. நான் சொல்லிக்கொடுத்தபடியே” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், பயத்தில்தான். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் கவலையில்லை என்று வந்தது. சின்ன வயதில் மஸ்கட்டில் லேசாக வந்து போயிருக்க வேண்டுமாம், அவளுக்கே தெரியாது. லண்டன்காரர்களோடு சண்டை போட்டு, பேராச்சியின் பரீட்சையை அடுத்த மாதக் கடைசிக்குத் தள்ளி வாங்கினாள். நல்ல செய்தியைச் சொல்ல நான்தான் போன் செய்தேன்.

“அவரு விடமாட்டாருக்கா” என்றாள் பேராச்சி. குரலில் உயிரே இல்லை.

வீட்டுக்கு வந்த அம்மாவைத் தெருவில் நின்று பேர் சொல்லி ஏலம் போட்டுவிட்டாள் என்று மாரிக்கண்ணன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். பேசிய ஒரே பேச்சு, இனிமேல் அந்த இங்கிலீஷ் சோலிக்குப் போகக் கூடாது என்பதுதான். நிகிதாவுக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி அம்மா இறங்கிப் போய்விட்டாள். அவன் கோபம் இறங்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி, “இந்தாங்க மாரிக்கண்ணன், உங்க பெண்டாட்டி ஒரு உசிரைக் காப்பாத்தியிருக்கா, ரெண்டு உசிரு” என்று சத்தம் போட்டேன். “சரிக்கா. அதுக்கு அம்மா எங்களுக்கு என்ன வச்சிருக்காளோ, அதுலருந்து யாரு காப்பாத்துவா?” என்று கேட்டான். நான்தான் போனை வைத்தேன். திமிரில் பேசுகிறவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

பேராச்சியும்தான். கை அரித்தால் பயம், முதுகு அரித்தால் பயம். கண்ணாடி முன்னால் போய் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாம். கொசு கடித்த தடிப்பைப் பார்த்து ஒருநாள் போனில் கதறினாள். வேலையை நினைத்து ஒரு தவிப்பு, அம்மாவை நினைத்து ஒரு தவிப்பு. “வாரதுன்னா வந்து தொலைய வேண்டியதுதானேக்கா, இந்தக் காத்துக்கெடக்கதுதான் முடியல” என்றாள். சொன்ன வாயோடு, “ஐயோ, தொலைஞ்சு இல்ல, தப்புத் தப்பு” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

வந்தாள். மகளுக்கு இறங்கி இரண்டு வாரம் போல ஆனபோது, பேராச்சிக்குப் போட்டது. பெரியவர்களுக்கு வந்தால் அதன் வேகமே வேறு. கண்ணிமை, உள்ளங்கால் ஒன்றையும் விடவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, தனியாகப் படுக்கச் சொல்லியிருந்தார். எனக்குச் சிறு வயதிலேயே வந்து போனதால் பயமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குப் போவது வழக்கம் இல்லைதான், இருந்தாலும் மனம் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இளநீரோடு போய் வாசலில் நின்றேன்.

மாரிக்கண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தான். இத்தனை நாளாக ஒரு வார்த்தை பேசாதவன், இப்போது வாய் நிறையத் தாயே, தாயே என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியை வாங்க, போங்க என்றான். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போர்வையைச் சரி செய்தான். அவள் உடம்பில் வந்திருக்கிறவளுக்கு அந்த மரியாதை. பேராச்சி கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். கால் மட்டும் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

“தாயே, தப்பெல்லாம் பொறுத்துக்கிடணும். என்ன வேணும்னு சொல்லுங்க. எளநீ இருக்கு, பானக்கம் இருக்கு, மோர் இருக்கு. என்ன கேட்டாலும் குடுக்கேன்” என்றான்.

இது எல்லா வீட்டிலும் கேட்பதுதான். வந்திருக்கும் அம்மா வாய் திறந்து எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது.

பேராச்சியின் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. பிரித்துப் பேசச் சிரமப்பட்டாள்.

“வேலைக்குப் போணும்.”

மாரிக்கண்ணனின் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். நான் இளநீரை நிலைப்படியில் வைத்தேன். அவன் அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். பயந்து பயந்து கேட்டான்.

“இது கேக்கது யாரு?”

அவள் கஷ்டப்பட்டு ஒரு கண்ணைத் திறந்தாள்.

“யாரு கேட்டாக் குடுப்பிய?”

அவன் தரையைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு வேப்பிலையை எடுத்து மறுபடி வீசத் தொடங்கினான்.

“ஒடம்பு தேறட்டும். போயி எழுதிட்டு வா” என்றான். சொன்ன பிறகு பதறிப்போய், “எழுதிட்டு வாங்க” என்றான்.